கோஸ்தான் போட்ட குடும்பம்

அப்பாவின் சட்டையில் இயந்திர எண்ணெய் வாடை போய் ரப்பர் பால் வாடை ஏறிய ஆண்டு எதுவென்று என்னால் ஐயமின்றிச் சொல்ல முடியும்: நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன், தம்பி இன்னும் பாலர் பள்ளிக்குக்கூடப் போகவில்லை. அதுவரை அப்பாவும் அம்மாவும் மலேசியாவின் கெடா மாநிலத்தில், குருண் என்ற ஊரில், ஒரே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் எங்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டுமே என்று அப்பா இரவு 'சிப்டு', அம்மா பகல் 'சிப்டு' எனப் பிரித்துக்கொண்டதால், இருவரும் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும் தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் முச்சந்தியில்தான். ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவார். கெடாவில் வார விடுமுறையான வெள்ளிக்கிழமையையும் 'ஓட்டி' என்ற மிகைநேர வேலை தின்றுவிடும்.

நோன்புப் பெருநாளுக்குத் தொழிற்சாலையையே மூடியிருந்த ஒரு மதியம், அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் தம்பி ஓடிப்போய் அம்மாவின் வேலைப் பையை இழுத்துவந்து அம்மாவின் காலடியிலேயே வைத்தான். அப்பா வீட்டில் இருந்தால் அம்மா கிளம்பியாக வேண்டும், அவன் அறிந்த வழக்கம் அதுதான். அம்மா பையைப் பார்த்தார். அப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் இருவரும் வேலையை விட்டு, 'காடி' என்று நாங்கள் சொல்லும் காரை விற்று, புக்கிட் செலம்பாவில் ஒரு மலாய்க்காரப் பெரியவரின் 'கெபுனி'ல், அதாவது சிறு ரப்பர் தோட்டத்தில், விளைச்சலில் பங்குக்கு மரம் சீவச் சேர்ந்தார்கள். அலோர் ஸ்டாரில் அரசாங்க அலுவலகத்தில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, இதைக் கேள்விப்பட்டு அடுத்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். "ஊரே தோட்டத்த விட்டு வெளிய ஓடுது. நீங்க மட்டும் கோஸ்தான் போட்டு உள்ள போறீங்களே, அத்தான்," என்றார். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. அப்பா சிரித்து மழுப்பினார். அம்மாதான், "கோஸ்தான் போட்டாத்தானடா காடி வீட்டு வாசல்ல வந்து நிக்கும்," என்றார். மாமா தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

தோட்டத்து ஓரத்திலேயே பலகை வீடு. நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது பாலை நிறுத்துப் போட்டுவிட்டு இருவரும் குளித்திருப்பார்கள். ஓடையோரத்தில் பறித்த கீரையும் கருவாடுமாக நால்வரும் வட்டமாக உட்காருவோம். இல்லாதவற்றைப் பற்றி அவர்கள் சலித்துக்கொண்டு நான் கேட்டதில்லை. வேண்டாம் என்று ஒருமுறை தீர்மானித்ததை மறுபடி எடுத்து நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லாதிருந்தது. இன்றுவரை எனக்குக் கைவராத குணம் அது.

மழை மாதங்களில்தான் அந்தத் தீர்மானம் ஆட்டம் கண்டது. மரங்களில் பால் பிடிக்கக் கட்டிய மங்குகளில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிறைந்தது; மரம் சீவ முடியவில்லை, வீட்டில் அரிசி குறைந்துகொண்டே போனது. அப்போது தொழிற்சாலையின் பழைய மேற்பார்வையாளர் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் வந்து, அப்பாவுக்குத் தன் கீழேயே ஒரு பொறுப்பு காலியாக இருப்பதாகச் சொன்னார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா முகத்தைப் பார்த்துத் தம்பியும் விளையாட்டை நிறுத்திவிட்டான்.

"பகல் சிப்டாண்ணே?" என்று அப்பா கேட்டார்.

முதலில் இரவுதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

அப்பா தரையில் பாயை விரித்தார். "வேணாம்ணே. சோறு ஆயிருச்சு, உக்காருங்க, ஒண்ணா சாப்பிடலாம்."

அம்மா இன்னொரு தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. அந்த மனிதரும் உட்கார்ந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே சாப்பிட்டார்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. மரங்களைச் சாய்த்து வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். ஓடை சிமெண்டுக் கால்வாய்க்குள் போய்விட்டது. அலோர் ஸ்டாரில் என் வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிறோம். எதையும் ஆண்டு மாதத்தோடு குறித்துக்கொள்பவள் நான். தோட்டத்தில் கழிந்த அந்த ஆண்டுகளுக்கு மட்டும் தேதியிட்டுச் சொல்ல ஒரு நிகழ்ச்சிகூட அகப்படவில்லை. அந்த மதியங்களில் அப்படி என்னதான் பேசிக்கொண்டோம் என்று, குருணில் அப்பாவோடு தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவிடம், சென்ற மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது கேட்டேன்.

"என்னத்தப் பேசினோம்? சாப்பிட்டோம்லா," என்றார் அம்மா. பிறகு தன் தட்டை மூடி வைத்துவிட்டு, அப்பா குளித்து வரட்டும் என்று காத்திருந்தார்.