பன்னிரண்டாவது தேங்காய்

மைக்கைக் கையில் கொடுத்தால் நான் வேறு ஆள். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அறிவிப்பு எப்போதும் என்னுடையதுதான். ஹாலிஎலை டவுனிலிருந்து வருகிறவர்கள்கூட, "மாஸ்டர் பேச்சே பேச்சு" என்பார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

மூன்று நாள் விடாத மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்திட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. பன்னிரண்டு வீடுகளும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று கிராம சேவகர் சொன்னார். ஆட்களைக் கிளப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோயில் மைக்கைப் பிடித்தேன். வீடு பெரிதா, உயிர் பெரிதா என்று கேட்டேன். மண்ணை நம்பினோம், மலையை நம்பினோம், இந்த மழையையும் நம்பப் போகிறோமா என்று அடுக்கினேன். மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "கல்லும் கரைஞ்சிருங்க மாஸ்டர்" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

என் மனைவி மைக்கை வாங்கினாள்.

"ஸ்கூல்ல ஒலை வச்சாச்சு. சோறும் சம்பலும். திருவிழா மாதிரி வீட்டுக்கு ஒரு தேங்கா கொண்டாங்க. நான் எங்க தேங்காய எடுத்துக்கிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். உண்மையில் உலையை அவள் அங்கே போன பிறகுதான் வைத்தாள். ஆனால் அன்னதானத்துக்கு வீட்டுக்கு ஒரு தேங்காய் என்பது எங்கள் லயத்து வழக்கம், அதில் பின்வாங்குகிற வீடு கிடையாது. சற்று நேரத்தில் பிள்ளையும் தேங்காயுமாக ஆட்கள் இறங்கினார்கள்.

பள்ளிக்கூடத்தில் தேங்காய்களை எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான் இருந்தது. தனியாக இருக்கும் கடைசி வீட்டு மாமாவைக் காணோம். மேலே ஓடினேன்.

"வாங்க மாமா, போவோம்."

"நீங்க முன்னுக்குப் போங்க மாப்ள. நான் பொறகு வாறேன்."

கட்டிலை விட்டு அசையவில்லை. அடுப்படியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அங்கே தேங்காய் இல்லை. வெறுங்கையோடு வரக் கூசிக்கொண்டு மனிதர் அந்த மலையடியிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் கிளப்பிய பேச்சு இவரை மட்டும் கட்டிப்போட்டிருந்தது. நான் எங்கள் வீட்டுப் பூட்டைத் திறந்து, இன்னொரு தேங்காயை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடைசி இரண்டு வீடுகளின் பின்சுவர் மண்ணோடு உள்ளே விழுந்துவிட்டது. எழுந்து தலைகளை எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன். ஒருவர்கூடக் குறையவில்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக இருந்தேன்.

மாமா என் பக்கம் குனிந்தார். "மாப்ள, சம்பலுக்கு நம்ம தேங்காயும் சேந்துச்சா?"

"ஒங்க தேங்காயத்தான் மாமா மொதல்ல ஒடைச்சோம்" என்று என் மனைவி முந்திக்கொண்டாள்.

மூலையில் அது முழுசாகக் கிடந்தது. நான் மெதுவாக எழுந்துபோய் அதன்மேல் என் துண்டைப் போட்டேன்.