வட்டம் என்றால் ஆமாம்

எனக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் வீட்டில் நூற்று முப்பத்தெட்டு ஜப்பானிய விளையாட்டுகள் இருக்கின்றன. எல்லாம் டிவியில் போட்டு ஆடுகிற கதை விளையாட்டுகள். ஒருத்தன் ஊரை விட்டுக் கிளம்புவான், வழியில் கூட்டாளிகள் சேர்வார்கள், குகை குகையாகப் புகுந்து சண்டை போடுவார்கள், அறுபது எழுபது மணி நேரம் ஆன பிறகு பெரிய அரக்கன் ஒருவனைக் கொன்றால் கதை முடியும். இதில் நீ முடித்தது எத்தனை என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. சரி, நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றுகூட இல்லை.

என்னால் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரிதான். ஒசாகாவிலிருந்து பார்சல் கிளம்பிவிட்டது என்று போனில் செய்தி வந்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். விமானம் ஏறிவிட்டதா, சுங்கத்தைத் தாண்டிவிட்டதா என்று ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை பார்ப்பேன். வந்ததும் பிரிப்பேன், அட்டைப் படத்தைத் தடவிப் பார்ப்பேன், டிஸ்க்கைப் போட்டு முதல் ஊர் வரைக்கும் போவேன். அவ்வளவுதான். கை மறுபடியும் போனைத் தேடும். "உனக்கு விளையாட்டு வேணாம்மா, பார்சல் கொண்டாறவன் வந்தா போதும்" என்பார் என் வீட்டுக்காரர். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுடையது இரண்டு அறை பிளாட். ஓர் அறையில் நாங்கள் இருக்கிறோம், இன்னோர் அறையில் ஜப்பான் இருக்கிறது.

பிழைப்பும் இறக்குமதிதான். போர்ட் கிள்ளானில் ஓர் ஆபீஸில் சுங்கப் படிவம் தட்டுகிறேன். டயர், பூண்டு, குளியலறைத் தொட்டி என்று ஊரார் கப்பலில் கொண்டுவரும் எல்லாவற்றுக்கும் நான் காகிதம் போட வேண்டும். தினமும் காலையில் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறுவேன். போகிற வழியில் கிள்ளான் ஸ்டேஷன் வரும். ரயில் கதவு திறக்கும், மூடும். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதவு திறக்கும், மூடும். அங்கே இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் என் அண்ணன் வீடு. எட்டு மாதமாக நான் அங்கே இறங்கவில்லை.

நீட்டி முழக்க எனக்குத் தெரியாது. அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாம் இனிப்புநீர் வியாதி செய்த வேலை. எங்கள் குடும்பத்தில் யாரையும் அது விட்டதில்லை. அப்பாவிடம் காலை வாங்கியது, அண்ணனிடம் நாற்பத்திரண்டு வயதில் கண்ணைக் கேட்டது. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இடது கண் ஏற்கெனவே இருட்டு. வலது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிகிறது என்று அண்ணி போனில் சொன்ன அன்று நான் மூன்று விளையாட்டுகள் வாங்கினேன். அடுத்த வாரம் ஐந்து வாங்கினேன். "அண்ணே, உனக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு வருது, வந்ததும் எடுத்துக்கிட்டு வரேன், சேர்ந்து விளையாடலாம்" என்று போனில் பேசி அனுப்புவேன். "சரி பாப்பா, வா" என்று பதில் வரும். பார்சல் வரும். நான்தான் போக மாட்டேன். சாக்குச் சொல்லக்கூட எனக்கு ஜப்பானிலிருந்து சாமான் வர வேண்டியிருந்தது, இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்வது!

இந்தப் பைத்தியம் எங்களைப் பிடித்தது கிள்ளான் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில். அப்போது எனக்குப் பதினைந்து, அண்ணனுக்குப் பதினெட்டு. ஒரு மேசை நிறைய கள்ள டிஸ்க்குகளைப் பரப்பி வைத்து ஐந்து வெள்ளிக்கு விற்பார்கள். இங்கிலீஷில் வர ஒரு வருடமாகும், ஜப்பான்காரன் டிஸ்க் ஒரே வாரத்தில் வந்துவிடும். வருடக்கணக்கில் காத்திருக்க எங்களால் ஆகுமா? புரியாத மொழியானாலும் பரவாயில்லை என்று வாங்கி வந்தோம்.

வாங்கிவிட்டோம், விளையாடுவது எப்படி? அண்ணன் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டான். திரையில் வருகிற எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைவான், அது என்ன செய்கிறது என்று அழுத்திப் பார்த்து நான் சொல்வேன், பக்கத்தில் தமிழில் எழுதுவான். தலையில் புல் முளைத்த எழுத்து என்றால் மருந்து. நாலு பெட்டி இருந்தால் ஆயுதம். கூரைக்குக் கீழே ஓர் ஆள் ஒதுங்கி நின்றால் சத்திரம், அங்கே தங்கினால் உடம்பு தேறும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்த தமிழை நாங்கள் ஜப்பானில் பிழைப்பதற்குப் பயன்படுத்தினோம்.

எழுத்தைவிடப் பெரிய தொல்லை பொத்தான்தான். ஜப்பான்காரனுக்கு வட்டம் என்றால் ஆமாம், பெருக்கல் குறி என்றால் வேண்டாம். மற்ற ஊர் விளையாட்டுகளில் நேர் தலைகீழ். எங்கள் பள்ளிக்கூடத்திலோ தப்பைத்தான் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அதனால் எனக்கு வட்டத்தைப் பார்த்தாலே 'திரும்பிப் போ' என்றுதான் தோன்றும். வேண்டாம் என்று நினைத்து வட்டத்தை அழுத்தி, வாங்கக் கூடாததை வாங்கி, விற்கக் கூடாததை விற்று, அண்ணனிடம் நான் வாங்கிய குட்டுக்குக் கணக்கே இல்லை.

வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் கடைசிவரை போனோம். அரக்கனின் கதவுக்கு முன்னால் போய் நின்று சேமித்தோம். எழுபத்தொரு மணி நேரம். அந்த வாரம்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, வீடே அல்லோலகல்லோலப்பட்டது. நீ இல்லாமல் நானோ நான் இல்லாமல் நீயோ அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டோம். மெஷினும் மெமரி கார்டும் என் சீரோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தன. கதவு பதினாறு வருடம் மூடியே கிடந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நான்தான் இழுத்தேன். அந்த விளையாட்டையே நல்ல ஒரிஜினலாக மூன்று பிரதி வாங்கி அடுக்கி வைத்தேன். வாங்கத் தெரிந்தவளுக்குப் போகத் தெரியவில்லை.

ஒரு நாள் அண்ணி போன் செய்தார். வலது கண்ணுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள், பார்வை நிற்கும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை என்றார். அப்புறம், "ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அந்தக் கதவு விளையாட்ட எடுத்துக்கிட்டு வரணுமாம். புதுசு எதுவும் வேணாமாம்."

அவனுக்குக் கண் இருக்கும்போதே அந்த முடிவைக் காட்டிவிட வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மெஷினைத் துண்டில் சுற்றி, மெமரி கார்டைக் கைப்பைக்குள் வைத்து, கிள்ளானில் கதவு திறந்ததும் இறங்கினேன்.

அண்ணன் டிவிக்கு ஒரு கை தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். நான் நுழைந்ததும் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, வலது கண்ணின் ஓரத்தால் என்னைத் தேடிப் பிடித்தான். "குண்டாயிட்ட பாப்பா" என்றான். எனக்கு அழுகை முட்டியது. வயரைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. வயரை மாட்டினேன், கழற்றினேன், அடுப்படிக்குப் போய் அண்ணியிடம் சீனி போடாத தேநீர் வாங்கி வந்து கொடுத்தேன், ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். "உட்காரு லா. ஆணி அடிச்ச நாற்காலியா அது?" என்றான். உட்கார்ந்தும் உட்காராமலும் மெஷினைப் போட்டேன். எங்கள் சேமிப்பு வந்தது. எழுபத்தொரு மணி நேரம் என்று எண் தெரிந்தது.

அவசரம். எப்போதும் எனக்கு அதுதான் சனியன். கீழே இருந்த மூன்று வரிகளில் மேல் வரியை எடுக்க வேண்டியவள், கை தவறி அடி வரியை எடுத்துவிட்டேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. என்ன கேள்வி என்று புரியவில்லை. ஐயோ, வேண்டாம், திரும்பிப் போ என்று அழுத்தினேன். இன்னொரு கேள்வி சிவப்பில் வந்தது. பதறிப்போய் அதே பொத்தானை இன்னும் பலமாக அழுத்தினேன்.

அழுத்தியது வட்டம்.

எழுபத்தொரு மணி நேரம் இருந்த இடம் காலியாக இருந்தது.

அண்ணன் பக்கம் திரும்பினேன். அவனுக்கு அந்த எழுத்துகள் தெரிந்திருக்காது, நிறம் மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள். சத்தமில்லாமல் புது ஆட்டத்தைத் தொடங்கினேன். எப்படியாவது பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். இருண்ட திரை, மழைச் சத்தம், ஒற்றைப் புல்லாங்குழல்.

"இது முதல் பாட்டாச்சே" என்றான் அண்ணன்.

நான் சட்டென்று சத்தத்தைக் குறைத்தேன்.

"கதவுகிட்ட மழை பெய்யாது. அழிச்சிட்டியா?"

"அண்ணே..." என்றேன். ஓவென்று அழுதுவிட்டேன், அடுப்படியிலிருந்து அண்ணி ஓடி வருகிற அளவுக்கு. அண்ணன் அவரிடம் அலமாரியிலிருந்து எதையோ எடுத்து வரச் சொன்னான். பழைய நோட்டுப்புத்தகம். இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறான். "எனக்கு எழுத்துத் தெரியல, நீ படி. முதல் பக்கம்."

அவன் கையெழுத்தில் பெரிதாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தேன். "வட்டம் என்றால் ஆமாம். பெருக்கல் என்றால் வேண்டாம். பாப்பா, மறந்து தொலைக்காதே."

விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நோட்டாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தேன். "சிரிக்கிற! வியாழக்கிழமைக்குள்ள எழுபது மணி நேரத்துக்கு நான் எங்க போவேன்? நீ முடிவப் பாக்கவேணாமா?"

"நான் பாத்துட்டேன்."

"என்னது?"

"உன் கல்யாணத்துக்கு மொத நாள். நீங்கள்லாம் மருதாணி வச்சுக்கிட்டு இருந்தீங்க. தாங்க முடியல, கதவத் திறந்துட்டேன். முடிச்சாலும் அதுல சேமிக்க முடியாதுல்ல, மறுபடியும் கதவு முன்னாடிதான் நிக்கும். அதான் உனக்குத் தெரியல." இடது கண்ணைத் தொட்டுக் காட்டினான். "சத்தியத்த மீறினா சாமி கண்ணக் குத்தும்னு சொல்வாங்கல்ல. கரெக்டாதான் குத்திருக்கு."

"வாயக் கழுவுங்க" என்றார் அண்ணி.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "அப்ப என்னத்துக்கு எடுத்துக்கிட்டு வரச் சொன்ன?"

"முடிவு நல்லாயிருக்கும் பாப்பா. ரொம்ப நல்லாயிருக்கும். அதப் பாக்கும்போது உன் மூஞ்சி எப்படி ஆகும்னு பதினாறு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். அத ஒரு தடவ பாத்துடலாமேன்னுதான்."

வியாழக்கிழமை என்ன ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க எனக்கு வராது. ஆபரேஷன் நடந்தது. அவனுக்கு இப்போது வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. தினமும் சாயங்காலம் நான் கிள்ளானில் இறங்குகிறேன், விளையாட்டில் அரக்கனின் கதவுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. வாங்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை, எங்கள் வீட்டுச் சத்தியத்தின் லட்சணம் தெரிந்ததுதானே.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. ஆபீஸ் முதலாளிக்குப் போன் போட்டு மூன்று நாள் லீவு சொன்னேன். அன்று மத்தியானத்திலிருந்து புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலியில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அண்ணி தட்டைக் கையில் கொடுத்தால் சாப்பிட்டேன். முடிவு வராது என்று தெரிந்தும் ஓடு ஓடு என்று ஓடினேன். நான்காவது ஊர் வரைக்கும்தான் போக முடிந்தது.

அண்ணன் டிவியைப் பார்க்கவே இல்லை. முதல் நாளே நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். பாட்டை வைத்து இது எந்த ஊர், யார் வரப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே, முகத்தைச் சாய்த்து, அந்த ஒரு கண்ணின் ஓரத்தால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளும்.

"என்ன அண்ணே, அப்படிப் பாக்கிற?" என்றேன்.

"உன் வேலையப் பாரு லா" என்றான். "வட்டத்த அழுத்து."