அங்கப்பன் வண்டியின் விசில்

1995இல் கோயமுத்தூர் – அந்தியூர் தடத்துக்கு ஒரு பஸ் முதலாளி இரண்டு டர்போ வண்டிகளை இறக்கினார்; இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் சிறு சுழல்சக்கரம்தான் டர்போ. இரண்டும் ஒரே மாடல், ஒரே இஞ்சின். பாடி கட்டிய பட்டறைகள் மட்டும் வேறு வேறு. ஒரு வண்டி சத்தமில்லாமல் போய்வந்தது. டிரைவர் அங்கப்பன் கைக்கு வந்த வண்டியோ, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி விசிலடித்தது.

அங்கப்பனுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. பதினைந்து வருடம் லாரி ஓட்டியவர், அதிகம் பேசாதவர். அந்த விசில் வந்த பிறகு அவர் நடையே மாறிப்போனது. புளியம்பட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையாட்டினார்கள். முன்னால் நிற்கும் வண்டியை விட்டுவிட்டு ஜனங்கள் இவர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் வண்டியை நிறுத்துவதற்கு முன் ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்துவார். விசில் உச்சிக்குப் போகும்போதே இஞ்சினை அணைத்துவிடுவார். சத்தம் மெல்ல இறங்கி ஓய்கிறவரை இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

அவர் மனைவி சாந்தாமணி கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தார். மோட்டாருக்குள் சுற்றும் ரோட்டரைச் சுற்றவிட்டு, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் பிரிவு. பன்னிரண்டு வருடமாக அதே வேலை.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள், கணவர் வண்டியில் போய்வந்த சாந்தாமணி வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"ஏனுங்க, உங்க வண்டிச் சத்தம் முன்ன மாதிரி இல்லீங்களே. விசிலுக்குள்ள என்னமோ அரைக்கிற மாதிரி கேக்குதுங்க."

"அது அப்பிடித்தான் அம்மணி. சில இஞ்சினு சத்தம் போடும், சிலது போடாது."

"ரோட்டர் உரசுனா எங்க கம்பெனியிலயும் இப்பிடித்தானுங்க கேக்கும். ஒருக்கா காட்டிப்போடுங்க."

"மோட்டாரு வேற, டர்போ வேற. உனக்கு அதெல்லாம் புரியாது" என்று அங்கப்பன் எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அந்தியூர்த் தேர்த் திருவிழா. குதிரைச் சந்தைக்குப் போகும் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. அக்கா வீட்டுக்குப் போவதற்காகச் சாந்தாமணியும் ஏறியிருந்தார். பகல் பதினோரு மணிக்கு வண்டி கோபி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நின்றது. அங்கப்பன் வழக்கம்போல் ஆக்ஸிலேட்டரை ஓர் அழுத்து அழுத்திக் காலை எடுத்தார்.

சத்தம் இறங்கவில்லை.

கால் பெடலில் இல்லை, கீழே தரையில் இருந்தது. இஞ்சின் ஏறிக்கொண்டே போனது. டீசலை நிறுத்தி இஞ்சினை அணைக்கிற குமிழைப் பிடித்து இழுத்தார். இழுத்த கை இழுத்தபடியே இருக்க, இஞ்சின் இன்னும் ஏறியது. விசில் அலறலாக மாறியது. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி பஸ் ஸ்டாண்டையே மூடியது. டீசலை நிறுத்தியாகிவிட்டது, பிறகு எதைக் குடித்து இது ஓடுகிறது?

"வெடிக்கப் போகுது!" என்று யாரோ கத்தினார்கள். ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். பூ விற்கும் மாசாணியம்மாள் கூடையோடு பின்படியில் நின்றிருந்தார். நெரிசல் தள்ளியதில் கீழே விழுந்தார்.

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சைப் படாரென்று விட்டு இஞ்சினைத் திணறடிக்க வேண்டும். ஆனால் வண்டி முன்னால் பாயும். முன்னால் முழுக்க ஆட்கள்.

"சாந்தா! முன்னாடி ஆளுகளை வெலக்கு!"

சாந்தாமணி அதற்குள் இறங்கியிருந்தார். வாயைப் பிளந்து நின்றவர்களைப் பிடித்துத் தள்ளினார். ஒரு பெரியவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். இடம் காலியானதும் இரண்டு கையையும் தூக்கினார். அங்கப்பன் டாப் கியரைப் போட்டு, பிரேக்கில் எழுந்தே நின்று, கிளட்சை விட்டார். வண்டி இரண்டடி துள்ளியது. ஒரு பெரிய இடி. பிறகு எல்லாம் ஓய்ந்தது.

பிரேக்கிலிருந்து காலை எடுக்க அவரால் முடியவில்லை. கண்டக்டர் வந்து இரண்டு கையாலும் பிடித்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

மறுநாள் மெக்கானிக் ராமுலு டர்போவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விரல் நுனியால் தொட்டதும் அதன் தண்டு ஆடியது. சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசித் தேய்ந்திருந்தன.

"இஞ்சின் டீசல்ல ஓடலைங்கண்ணா. டர்போ வழியா ஒழுகுன தன்னோட ஆயிலையே குடிச்சு ஓடியிருக்குது."

"சத்தம் மொதல்ல இருந்தே அதிகந்தானுங்களே?"

"அது பாடி கட்டுனவங்க வேலை. டர்போ எல்லாமே விசிலடிக்கும். அந்த இன்னொரு வண்டில காத்து இழுக்கற கொழாய் நீளம். நடுவுல ஒரு டப்பா வேற இருக்குது. சத்தம் அதுக்குள்ளயே அடங்கிப்போகும். உங்க வண்டில கொழாய் முக்கா முழம், வாய் தொறந்தே கெடக்குது. அதுல தப்பே இல்லைங்க. ஆனா அந்த இரைச்சல்ல அரைக்கிற சத்தம் உங்க காதுல உழுகல." ராமுலு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வண்டியை எப்படி அணைப்பீங்க?"

அங்கப்பன் மறைக்காமல் சொன்னார்.

"இஞ்சின் நின்னா ஆயிலும் நின்னுருமுங்க. டர்போ நிக்காது. அந்த வேகத்துல ஆயில் இல்லாமச் சுத்துனா தண்டைத் தாங்குற பேரிங் என்னத்துக்காகும்? ஒரு வருசமா டர்போவை நீங்களே கொன்னிருக்கீங்க."

அங்கப்பன் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "அந்தப் பூக்கார அம்மாளைப் பாத்துட்டு வரலாம் வாங்க" என்று சாந்தாமணி சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாசாணியம்மாளின் வலது கால் மாவுக்கட்டில் இருந்தது. அங்கப்பன் நின்றபடியே தன் தப்பைச் சொன்னார்.

கேட்டு முடித்த மாசாணியம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப என்ற காலு ஒடைஞ்சது நீ விசிலடிச்சு வெளையாண்டதுக்கா?"

"ஆமாங்க."

அந்த அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாந்தாமணி கொண்டுபோன சாப்பாட்டை மட்டும் சாயங்காலம் சாப்பிட்டதாக நர்ஸ் சொன்னார்.

முதலாளியிடமும் அங்கப்பன் அதையே சொன்னார். அவர் திட்டினார்; ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. புது டர்போவோடு நீளக் குழாயும் டப்பாவும் பொருத்தச் சொல்லி அங்கப்பனே கேட்டு வாங்கினார். அதன்பிறகு எந்த ஸ்டாண்டிலும் இஞ்சினை இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைத்தார். கண்டக்டர் அவசரப்படுத்தினாலும் அதற்குமுன் குமிழைத் தொடுவதில்லை.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் மாசாணியம்மாள் கோபியில் ஏறினார். காலைச் சற்று இழுத்து நடந்தார். டிரைவர் பக்கம் பார்க்காமல் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் நன்றாக உட்கார்ந்துவிட்டாரா என்று கண்ணாடியில் பார்த்த பிறகே அங்கப்பன் வண்டியை எடுத்தார்.