ரேணிகுண்டாவில் கடைசிப் பயிற்சி

நான் ஏறவேண்டிய அடுத்த ரயிலுக்கு நேரமிருக்கிறது. ரேணிகுண்டா ரயில் பட்டறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் செல்வி என்கிற பயிற்சியாளர் கோல் வலையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய கால்பந்து கிளப் இது. தொழில்முறை அணியாக வளர்ந்த பிறகும் சுற்றுவட்டாரப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகவே பயிற்சி தந்தது. செல்வியும் அப்படி ஆட வந்தவர்தான். இப்போது கிளப்பை வாங்கியவர்கள் அதை ஐதராபாத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பயிற்சி இன்றோடு சரி.

“பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்கிறேன்.

“எப்டி சார் சொல்றது? நகரியிலேர்ந்து ரயில்ல வந்துக்கினு இருக்குதுங்க. அடுத்த மேட்ச்ல யாரு ஆடறதுன்னு இன்னிக்கு சொல்றேன்னு வேற சொல்லி வெச்சிருக்கேன்.”

சற்று நேரத்தில் ஐந்தாறு பெண்பிள்ளைகள் மைதானத்துக்குள் ஓடி வருகிறார்கள்.

“அக்கா, டீம்ல நான் இருக்கறனா?” முதலில் வந்தவள் மூச்சிரைக்கக் கேட்கிறாள்.

செல்வி வலையைக் கீழே போடுகிறார்.

“எல்லாருமே இருக்கீங்கடி.”