கோழிக்கூண்டில் தக்காளி வைத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அதிர்ந்து பேசாதவர், பொறுமையே உருவானவர் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். அண்ணனைப் பற்றி நான் அப்படி எழுதினால், வேறு யாருடைய மலரோ மாறி வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். சாம்பாரில் உப்புக் குறைந்தால் அவர் போடும் சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும். ஆனால் தக்காளியைத் தொடும்போது மட்டும் அந்தக் கை பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல மெதுவாகிவிடும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தத் தக்காளியைப் பற்றியதுதான்.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். அப்பா லாரி ஓட்டுநர். பாதி நாள் வடக்கே போய்விடுவார் என்பதால், பள்ளிக்கூடம் முடித்த கையோடு தோட்டத்தை அண்ணன் எடுத்துக்கொண்டார். குமாரபாளையத்தில் தறி வைத்திருக்கும் குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அதன் பிறகு அவர் கல்யாணம் செய்துகொண்டு கோழிப்பண்ணை வைத்தார். சில வருடங்கள் பண்ணை நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு கோடையில் கோழிகளுக்கு நோய் வந்தது. காலையில் தீவனம் போடப் போன அண்ணி, தீவனச் சட்டியை அப்படியே சுமந்துகொண்டு அழுதபடி திரும்பி வந்தார்; ஒரு கோழிகூட உயிரோடு இல்லை. அன்றிலிருந்து அந்த ஷெட் காலியாகவே கிடந்தது.

அண்ணியின் அண்ணனை நானும் மாமா என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். கேரளத்துக்கு முட்டை ஏற்றிப்போகும் வேன் வைத்திருப்பவர். தங்கச்சி படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் வந்து பேச்செடுத்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, தோட்டத்தக் குடுத்துப்போட்டுத் திருப்பூருக்குப் போயிருங்க. பனியன் கம்பெனில வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறேன். இந்த மண்ணக் கட்டிட்டு அழுது என்னுங்க ஆகப்போகுது?”

அண்ணன் உடனே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அடுக்களைக்குள் போய், ஒரு முட்டை அட்டையை எடுத்துவந்து மாமா முன்னால் வைத்தார். நாமக்கல் பக்கத்தில் முட்டை அட்டை இல்லாத வீடு ஏது? அதன் குழிகளில் முட்டைக்குப் பதிலாகத் தக்காளி உட்கார்ந்திருந்தது. தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் தானாக முளைத்த செடியில் அண்ணி பறித்து வைத்து மறந்துபோன காய்கள் அவை. மாதம் ஒன்று தாண்டியும் ஒன்றுகூடச் சுருங்கவில்லை.

“மழ மாசத்துல ஊரெல்லாம் தக்காளி அழுகிப்போகும் மச்சான். எனக்கு ஒரே ஒரு மழ குடுங்க. தை பொறக்கற அன்னிக்கு அட்டையத் தொறந்து காட்டறேன். கெட்டுப்போயிருந்தா தோட்டத்துப் பத்திரத்த நானே எடுத்து உங்க கையில குடுத்தர்றேன்.”

இப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவர் சாப்பிடவே இல்லை என்று அண்ணி என்னிடம் சொன்னார்.

அந்தச் செடியிலேயே விதை எடுத்து, ஆடியில் நாற்று விட்டு, ஆவணியில் நட்டார். காய் மண்ணில் படக்கூடாது என்று ஒவ்வொரு செடிக்கும் குச்சி ஊன்றிக் கட்டினார். பறிக்கப் போகும் சமயத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுவார். அப்போதுதான் தோல் கெட்டிப்படுமாம். முழுப் பழத்தைத் தொடமாட்டார். அடிப்பக்கம் லேசாக நிறம் மாறிய செங்காயாகப் பார்த்து, பனியெல்லாம் காய்ந்தபிறகு பறிப்பார். காம்பைக் கிள்ளிவிட்டு, காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கும்படி அட்டைக்குழியில் வைப்பார். காற்று நாலு பக்கமும் வரும் கோழி ஷெட்தான் கிடங்கு. கூண்டு வரிசையில் கோழிகள் நின்ற இடமெல்லாம் அட்டை அட்டையாகத் தக்காளி. தினமும் காலையில் போய் ஒவ்வொன்றையும் பார்த்து, நைந்ததை எடுத்துவிடுவார். “கோழி முட்டை போடறதுக்குப் பதிலா உங்கண்ணன் போட்டுட்டு இருக்கறாரு போல” என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மாமாவுக்குக் காட்டுவதற்கென்று முதல் பறிப்பிலிருந்து தேர்ந்தெடுத்து ஓர் அடுக்கைத் தனியே வைத்திருந்தார். எலி கடிக்காமல் இருக்க மேலே காலி அட்டையைக் கவிழ்த்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தார். முட்டை அடுக்கை எப்படிக் கட்டுவார்களோ, அப்படியே.

கார்த்திகை வந்தது. ஊரில் பாதிப்பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார்கள், முட்டை தேங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரர் இடம் போதாமல், எங்கள் ஷெட்டின் முன்பக்கத்தில் முட்டைகளை அடுக்கிக்கொண்டார். பின்பக்கக் கூரையில் ஒழுகியதால் அண்ணன் தன் அடுக்கையும் முன்பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார். மறுநாள் அண்ணன் குச்சி வாங்கத் திருச்செங்கோடு போயிருந்த நேரத்தில், அந்த முட்டைகளை ஏற்ற மாமா வேனோடு வந்தார். கட்டிய அட்டையைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் முட்டை லோடு ஏற்றுகிறவர்களுக்கு உண்டா? இருந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு பாலக்காடு போய்விட்டார்.

கார்த்திகை தீபத்துக்காக நான் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தேன். திரும்பி வந்த அண்ணன் வெறும் தரையைப் பார்த்து நின்ற நிலையை என் கண்ணாலேயே பார்த்தேன். “போச்சு சாமி, எல்லாம் போச்சு. அந்த மனுசனுக்குக் காட்ட வெச்சத அந்த மனுசனே ஏத்திட்டுப் போயிட்டாரு. மொதப் பறிப்புல மிச்சம் வெச்சது அது ஒண்ணுதான், இனி தைக்கு எதையக் காட்டுவேன்?” என்றார். வேன் ஆட்டத்தில் எல்லாம் கூழாகியிருக்கும் என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம். அடுத்த நாள் காலையில் மாமாவிடமிருந்து போன் வந்தது.

“மச்சான், கண்ணு இருக்குதா இல்லியா உங்களுக்கு?” அண்ணன் போட்ட சத்தத்தில் போனே தேவையில்லை, பாலக்காட்டுக்கு நேராகவே கேட்டிருக்கும். பிறகு குரல் இறங்கிவிட்டது. “எத்தன கெட்டுப்போச்சுங்க?”

“அடி அட்டையில ரெண்டு மூணு நசுங்கிப்போச்சுங்க மாப்பிள்ளை. மத்ததெல்லாம் கல்லாட்ட இருக்குது. கடைக்காரன் திட்டுவான்னு பயந்துட்டு நின்னேன். அவனென்னடான்னா, இங்கயும் எல்லாரும் மால போட்டிருக்கறாங்க, முட்டைய எவன் வாங்கறான், இந்தத் தக்காளி இன்னும் இருக்குதான்னு கேக்கறானுங்க!”

அண்ணன் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி அழுதார். அப்பா போனபோதுகூட அவர் அப்படி அழுததில்லை. பாலக்காட்டிலிருந்து திரும்பிய மாமா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்தார். “பத்திரத்த வெளிய எடுக்க வேண்டாமுங்க. அட்டை எத்தன வேணும்னு மட்டும் சொல்லுங்க, நாங்கொண்டாந்து போடறேன்” என்றார்.

அதற்குப் பிறகு தோட்டத்தை விற்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மழை மாதம் தவறாமல் மாமாவின் வேன் தக்காளி ஏற்றியது. அண்ணனின் மகள் சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்தாள். விதை கேட்டு வந்தவர்களுக்கு அண்ணன் முதலில் நன்றாகத் திட்டுக் கொடுப்பார். “ஈரத்தோட பறிச்சீங்கன்னா எம் பேரச் சொல்லாதீங்க” என்பார். பிறகு விதையும் கொடுப்பார். திட்டு வாங்காமல் விதை வாங்கியவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம்.

போன ஐப்பசியில் பாதிக் காய் பறித்திருந்தபோது நெஞ்சு வலி என்றார். சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அவருக்குக் கவலை ஷெட்டைப் பற்றித்தான். “இன்னிக்குப் பாத்தீங்களா மச்சான்?” என்று மாமாவைக் கேட்பார். “பாத்துட்டுத்தானுங்க வாரேன், ஒண்ணும் கெடல, நீங்க தூங்குங்க” என்பார் மாமா. அப்படித் தூங்கியவர்தான், எழுந்திருக்கவில்லை.

அண்ணனை மகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரியில் எங்களோடு காத்துக்கிடந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும், மீதிக் காய்களைக் கூலி வாங்காமல் பறித்துக்கொடுத்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு நன்றி சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனாலும் அச்சில் சொல்லிவிடுகிறேன். கருமாதியன்று நீங்கள் எல்லோரும் சாப்பிட்ட ரசம் அண்ணன் கையால் பறித்து வைத்த தக்காளியில் வைத்தது. உங்களிடம் அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கருமாதி முடிந்து சில நாளில், வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். ஆம்பிளை இல்லாத தோட்டம், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று பேசினார். மாமா அண்ணியைத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணி ஷெட்டுக்குள் போய், ஓர் அட்டை தக்காளியைக் கொண்டுவந்து அந்த வெளியூர்க்காரர் கையில் கொடுத்தார்.

“தோட்டம் விக்கறதுக்கில்லீங்க. தக்காளி எவ்வளவு வேணும்னு சொல்லுங்க. ஆடில நாத்து விடறேன்.”

இந்த ஆடியில் விட்டார். ஷெட் நிறைந்திருக்கிறது.