வெற்றிடத்தின் தெற்கெல்லை

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்வீட்டு மூதாட்டி, என் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டார். பிரபஞ்சத்தில் ஒன்றுமில்லாத இடங்களை ஆராய்கிறாள் என்று எனக்குத் தெரிந்த டொய்ச் மொழியில் சொன்னேன். "நல்லது, சத்தமில்லாத வேலை" என்று திருப்தியோடு கதவைச் சாத்திக்கொண்டார். இங்கே ஒருவரைப் பற்றி அதற்கு மேல் அறியத் தேவையில்லை. ஊரில் என்றால் சம்பளம், சாதகம் இரண்டையும் கேட்காமல் விட்டிருக்கமாட்டார்கள்.

மகள் விளக்கியதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: நமது பால்வெளி போன்ற விண்மீன் மண்டலங்கள் வேலி கட்டினாற்போல் சேர்ந்திருக்கின்றன; நடுவில், ஒளி கடக்கவே கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் வெற்றிடங்கள். சுற்றியிருப்பவற்றை வைத்துத்தான் வெற்றிடத்தின் எல்லையைக் குறிக்கிறார்களாம். எனக்கு வியப்பில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடியிருந்த காணி அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், முப்பது வருடம் நான் செய்ததும் அதுதான். அயலவர் நால்வரை எழுதினால் நடுவிலிருப்பது உறுதியாகிவிடும்.

போன மாதம் எங்கள் ஊரான சாம்பல்தீவிலிருந்து தங்கையின் மகன் சுரேஷ் அழைத்தான். அங்குள்ள எங்கள் காணியைக் கைவிடப்பட்டதாகப் பதியப்போகிறார்கள். ஆட்சேபிக்க, எல்லைக் காணிக்காரர் ஒருவரின் கையெழுத்தாவது வேண்டும்.

"வடக்கில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை மாமா. கிழக்கால உள்ளவை கனடா, மேற்கு லண்டன். தெற்கில மகேஸ்வரி அன்ரி மட்டும்தான். ஆனா அவவின்ர கையெழுத்துச் செல்லாதாம். அந்தக் காணியில ஆளில்லை எண்டு பழைய கோப்பில கிடக்காம்."

"ஆர் எழுதினது?"

"நீங்கள்தான் மாமா."

யுத்த காலம். ஊர் இடம்பெயர்ந்து, சிலர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் திருகோணமலை நகரத்துக்கு மாறியிருந்தோம். எந்தக் காணியில் ஆளிருக்கிறது என்று பதிய, ஒருமுறை பார்வையிட்டால் போதும் என்பது விதி. கந்தோர் ஜீப்பில் போய் ஒவ்வொரு படலையிலும் கூப்பிட்டேன். ஜீப் நின்றால் கதவு திறக்கக்கூடாது என்று என் வீட்டிலேயே சொல்லி வைத்திருந்தவன் நான். மகேஸ்வரியின் குசினிப் பக்கம் புகை தெரிந்தது. படிவத்தில் புகைக்கு நிரல் இல்லை. ஆளில்லை என்று எழுதினேன்.

மகளிடம் சொன்னபோது கணினியிலிருந்து திரும்பினாள்.

"வெற்றிடத்துக்குள்ளயும் மங்கலாச் சின்னச் சின்ன மண்டலங்கள் இருக்குது அப்பா. எங்கட கருவிக்கு எட்டாது. இல்லை எண்டு எழுத ஏலாது. காணேல்லை எண்டுதான் எழுதலாம்."

"எங்கட படிவத்தில அப்பிடி ஒரு நிரல் இல்லைப் பிள்ளை."



சுரேஷ் மகேஸ்வரியைப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி அழைத்தான். "அண்டைக்கு உள்ளுக்குத்தான் இருந்தவவாம். வேலிக்கால உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவவாம். கோபமில்லையாம் மாமா. உங்களுக்கு அண்டைக்குக் காய்ச்சலோ எண்டு கேட்டா. முகம் அப்பிடி இருந்ததாம்."

ஆகவே என் காணி இரண்டாவது. முதலில் அவருடையதற்காக ஒரு சத்தியக்கூற்று எழுதினேன்: பார்வையிட்டேன், காணவில்லை, இல்லை என்று பதிந்தது என் பிழை. அது எந்த மேசையில் எத்தனை மாதம் தூங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அதை இங்கே அத்தாட்சிப்படுத்த, நான் இந்த நகரத்தில் நிரந்தரமாக வசிப்பதாக நானே உறுதிசெய்யும் ஒரு கடிதம் வேண்டுமாம். என் காணி ஆட்சேபனைக்கோ, நான் சாம்பல்தீவைக் கைவிட்டுப் போகவில்லை என்று சத்தியம் செய்யவேண்டும். இரண்டிலும் கையெழுத்திட்டேன். இரண்டிலும் பொய்யில்லை. ஒரே உறையில் வைத்து ஒட்டினேன்.