எவ்வளவு எலும்பு?

தங்கச்சிக்குப் பிறக்கும்போதே மேலுதடும் ஈறும் பிளந்திருந்தன. உதட்டைக் கைக்குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். அதோடு வேலை முடிந்தது என்றுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒன்பது வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் மேல்தாடை எலும்பு ஓரிடத்தில் இல்லவே இல்லை. அதற்கு மேலே கோரைப்பல் இறங்கக் காத்திருந்தது. அது இறங்குவதற்குள் இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து அங்கே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் ஊன்ற இடமிருக்காது என்றார் டாக்டர், சிங்களத்தில்.

எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். சிங்களமும் பேசுவேன். அதனால் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாள் அம்மாவின் முன்னால் கிடந்தது. இடுப்பெலும்பைத் தொட்டால் பிள்ளை நொண்டியாகிவிடும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மா தாளைத் தொடவில்லை.

“நாங்க பறிக்கிற கொழுந்தையே எங்க கண்ணு முன்னால நிறுத்துத்தான் எடுக்குறாங்க. அதுலயும் தண்ணிக்கு, சாக்குக்குன்னு கழிச்சிர்றாங்க. இது எம் புள்ள எலும்பு. எவ்வளவு எடுப்பாங்கன்னு அளந்து சொல்லச் சொல்லு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டரிடம் போய்க் கொழுந்துத் தராசைப் பற்றியா பேசுவது? “பிள்ளைக்கு வலிக்குமா என்று கேட்கிறார்” என்று சிங்களத்தில் சொல்லிவைத்தேன்.

“ஏன்டி, நான் எங்கடி வலியப் பத்திக் கேட்டேன்?” அம்மா என் பக்கம் திரும்பினார். “எனக்கு சிங்களம் பேசத்தான் வராது. காது நல்லாவே கேக்கும். நான் சொன்னதச் சொல்லு.”

இப்போது வந்த வெட்கம் வேறு. நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொழுந்து, தண்ணிக்கழிவு, சாக்குக்கழிவு, ஒன்றையும் விடாமல் சொன்னேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் கோபிக்கவில்லை. அதற்காகத்தானே இந்தப் படம் என்று திரையை அம்மா பக்கம் திருப்பினார். எலும்பில்லாத இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு அளந்திருந்தார்கள். கால் தேக்கரண்டி கொள்ளும். வைக்கிற எலும்பில் ஒரு பங்கு கரைந்துபோகும் என்பதால் அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக எடுப்போம் என்றார்.

“பாத்தியா, இங்கயும் கழிவு!” என்றார் அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் சத்தமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“மொத்தமா எவ்வளவுன்னு கேளு. புள்ள நடப்பாளான்னும் கேளு.”

அரைத் தேக்கரண்டிக்குள் அடங்கும், சில நாள் நொண்டுவாள், பிறகு ஓடுவாள் என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற தங்கச்சி என் தோளைச் சுரண்டி, “ரேஸும் ஓடலாமான்னு கேளுக்கா” என்றாள். கேட்டேன். ஓடலாமாம்.

“எடுத்து முடிஞ்சதும் எவ்வளவு எடுத்தாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லணும். இதையும் சொல்லு.”

சொன்னேன், அதே கண்டிப்போடு.

“ஹரி, அம்மே” என்று தலையாட்டிச் சம்மதித்தார் டாக்டர்.

அதை நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மா கையெழுத்துப் போடப் பேனையை எடுத்துவிட்டார்.